பன்னீர் மணக்கும் பந்தல்!

கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு திராட்சை உலா

சந்தையில் கூடை நிறையக் கறுப்புத் திராட்சை குவிந்திருக்கிறது. வீட்டு அம்மாள் ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுப் பார்க்கிறாள்.

"விதை இருக்குதே! புளிக்கவும் புளிக்குதே!" என்று முகத்தைச் சுளிக்கிறாள். பக்கத்துக் கூடையில் இருக்கும் விதையில்லாத பச்சைத் திராட்சையில் அரைக் கிலோ நிறுத்து வாங்கிக் கொண்டு போய் விடுகிறாள்.

அந்த அம்மாள் மீது குற்றம் இல்லை. அவள் ருசி பார்த்தது பாதிப் பழம்தான். மீதிப் பாதி கம்பம் பள்ளத்தாக்கிலேயே தங்கி விட்டது!

இது என்ன புதிர்?

மாங்காயைப் பறித்து வைக்கோலில் வைத்தால் பழுத்து விடும். வாழைத்தாரை வெட்டி மூட்டம் போட்டால் பழுத்து விடும். திராட்சை அப்படி அல்ல. கொடியில் இருக்கிற வரையில்தான் அதற்கு இனிப்பு ஏறும். வெட்டிய நிமிடத்தோடு சரி. அதற்குப் பிறகு பத்து நாள் வைத்திருந்தாலும் வாடுமே தவிர, இனிக்காது. கம்பத்துக் கறுப்புத் திராட்சையோ மிகவும் மென்மையானது. நன்றாகப் பழுத்த பிறகு வெட்டினால் தூரதேசப் பயணம் தாங்காது. லாரியிலேயே நசுங்கி நீர் விட்டு விடும். ஆகவே தொலைவுக்குப் போகும் பழத்தைச் சற்று முன்னதாகவே வெட்டி விட வேண்டியிருக்கிறது. அந்த நாலைந்து நாளில் ஏற வேண்டிய தேன்தான் அந்த அம்மாளுக்குக் கிடைக்காமல் போனது.

பழம் முழுசாக நம்மிடம் வராது. நாம்தான் பழத்திடம் போக வேண்டும்.

பிரான்சு தேசத்தில் போர்டோ என்று ஒரு சீமை இருக்கிறது. திராட்சைக்குப் பேர் போனது. பல நாட்டு மக்கள் அங்கே போய்த் தோட்டங்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். நிலவறைகளில் இறங்கி, திராட்சை மதுவாகிய ஒயினைக் கோப்பையில் ஊற்றி, முகர்ந்து, ஒரு வாய் ருசி பார்க்கிறார்கள். நம் நாட்டில் மகாராட்டிரத்து நாசிக் நகரம் அப்படி ஆகி விட்டது. 2000-ஆம் ஆண்டில் அங்கே சூலா என்ற ஒயின் ஆலை திறந்தது. அதன் பிறகு ஆலைகள் பெருகின. இப்போது ஒயின் ருசி பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் நாசிக்குக்குப் போகிறார்கள்.

தமிழ் நாட்டிலும் அப்படி ஒரு திராட்சைச் சீமை உண்டு. ஆனால் அங்கே ருசி பார்ப்பது கோப்பையில் அல்ல, பந்தலுக்கு அடியில்!

திருமலையிலிருந்து...

ஆரணிக்குப் பக்கத்துத் திருமலையிலிருந்து ஒரு குடும்பம் புறப்படுவதாக வைத்துக் கொள்வோம். தறி நெய்யும் தந்தை, பாவு ஓடும்போது கூட நின்று கைகொடுக்கும் தாய், இரண்டு பிள்ளைகள், ஒரு பாட்டி. ஆடி மாதம் தறிக்கு நாலு நாள் ஓய்வு கொடுத்து விட்டுக் கிளம்புகிறார்கள்.

முன்பென்றால் இந்தப் பயணம் பெரும்பாடு. நாலு பஸ் மாற வேண்டும். மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே ஓடிய சின்ன ரெயிலையும் அகலப் பாதை போடுவதற்காக 2010-ஆம் ஆண்டு முடிவில் நிறுத்தி விட்டார்கள். தேனிச் சீமைக்காரர்கள் பதினோரு ஆண்டுக்கு மேல் ரெயிலின் ஊதல் சத்தமே கேட்காமல் இருந்தார்கள். 2022 மே மாதம் தேனிக்கு மறுபடியும் ரெயில் வந்தது. 2023 ஜூன் மாதம் சென்னையிலிருந்து போடிநாயக்கனூருக்கு நேராகவே ரெயில் விட்டு விட்டார்கள். அது காட்பாடி வழியாகப் போகிறது. ஆரணிக்காரர்களுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? இரவில் காட்பாடியில் ஏறிப் படுத்தால் காலையில் தேனியில் கண் விழிக்கலாம்.

தேனியிலிருந்து கம்பம் ஏறக்குறைய 40 கிலோ மீட்டர். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பஸ் ஊர் ஊராக நிற்கிறது. இருபுறமும் மலை. நடுவே பச்சை வயல், தென்னந்தோப்பு, வாழைத்தோட்டம். "பள்ளத்தாக்கு" என்று பாடப் புத்தகத்தில் படித்த பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் ஜன்னல் வழியாகவே புரிந்து விடுகிறது.

உத்தமபாளையத்தில் திருமலைக்காரர்கள் இறங்காமல் போகலாமா? அங்கே கருப்பணசாமி பாறை என்று ஒரு பாறை உண்டு. அதில் சமணத் தீர்த்தங்கரர்களின் உருவங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய வேலை. பக்கத்தில் வட்டெழுத்துக் கல்வெட்டுகளும் இருக்கின்றன.

பாட்டி பார்த்தவுடன், "அடேயப்பா, இது நம்ம ஊரு சாமியாச்சே!" என்பாள். அவள் சொல்வது சரிதான். திருமலைக் குன்றில் 16 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நேமிநாதரும் சமணத் தீர்த்தங்கரர்தானே? ராஜராஜ சோழனின் அக்காள் குந்தவையின் பேரால் அங்கே ஜினாலயமும் இருக்கிறது. வடகோடியில் ஒரு குன்று, தென்கோடியில் ஒரு பாறை. இரண்டையும் ஒரே சமயத்துத் துறவிகள் நாடி வந்திருக்கிறார்கள். சமணருக்கு மதுவும் ஆகாது, தேனும் ஆகாது. திராட்சைச் சீமையின் வாசலில் அவர்கள் உட்கார்ந்திருப்பது ஒரு வேடிக்கைதான்!

மலையைத் துளைத்து வந்த தண்ணீர்

இந்தப் பச்சை எல்லாம் தானாக வந்தது அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழையில் பெரும்பங்கு மலைக்கு அப்பால் விழுந்து விடுகிறது. பெரியாறு என்ற ஆறும் மேற்கே ஓடிக் கடலில் கலந்து கொண்டிருந்தது. இந்தப் பக்கமோ வறட்சி, பஞ்சம்.

அந்த ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து, தண்ணீரைக் கிழக்கே திருப்பினால் என்ன என்று யோசித்தார்கள். பென்னிகுயிக் என்ற ஆங்கிலேய எஞ்சினீயர் அதை முடித்துக் காட்டினார். 1887-ல் தொடங்கிய வேலை 1895 அக்டோபரில் முடிந்தது. காட்டு யானையும் விஷக் காய்ச்சலும் வெள்ளமும் பட்டாளத்தைப் போல எதிர்த்து நின்றன. ஒரு மைலுக்கு மேல் நீளமான சுரங்கம் வழியாக முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கியது.

கூடலூருக்கு மேலே லோயர் கேம்ப் என்ற இடத்தில் 2013-ல் பென்னிகுயிக்குக்கு மணிமண்டபம் திறந்தார்கள். அவர் பிறந்த நாள் ஜனவரி 15. நம் பொங்கலை ஒட்டி வருகிறது. பாலார்பட்டி கிராமத்தில் அவர் படத்தை வைத்துப் பொங்கல் வைக்கிறார்கள். பிள்ளைக்குப் பென்னிகுயிக் என்று பேர் வைத்த வீடுகளும் இங்கே உண்டு! பணம் போதாதபோது சொந்தச் சொத்தை விற்று அணையைக் கட்டினார் என்று ஊரார் சொல்கிறார்கள். ஏட்டில் அதற்கு ஆதாரம் தேடும் ஆராய்ச்சிக்காரர்களிடம் ஊரார் வாதாட மாட்டார்கள். பொங்கலைப் பொங்கிப் படைத்து விட்டுப் போய் விடுவார்கள்.

பாதிரியார் கொண்டு வந்த கொடி

கம்பத்திலிருந்து சுருளிப்பட்டிப் பாதையில் போனால் திராட்சைப் பந்தல்கள் தொடங்கி விடுகின்றன. காமயகவுண்டன்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, ராயப்பன்பட்டி, ஆனைமலையான்பட்டி, அனுமந்தன்பட்டி, கூடலூர் என்று பத்து ஊர்களில் ஏறத்தாழ 2,000 ஏக்கர். (காமயகவுண்டன்பட்டி என்று முழுப் பேரையும் சொல்ல பஸ் கண்டக்டருக்கு நேரம் இல்லை. "கே.கே.பட்டி! கே.கே.பட்டி!" என்று கூவுவார். அதைக் கேட்டுத்தான் இறங்க வேண்டும்.)

இங்கே விளையும் பழத்துக்குப் பன்னீர் திராட்சை என்று பேர். பன்னீரைப் போல மணப்பதால் வந்த பேர். மேல்நாட்டில் மஸ்கட் ஹாம்பர்க் என்பார்கள். தமிழ் நாட்டில் திராட்சை விளையும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 85 சதவீதம் இந்தப் பன்னீர் திராட்சைதான்.

திராட்சை நம் மண்ணில் பிறந்த கொடி அல்ல. 1832-ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இதைத் தமிழ் நாட்டுக்குக் கொண்டு வந்தார் என்பது வரலாறு. பாதிரியாருக்குத் திராட்சை எதற்கு? கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்குத் திராட்சை ரசம் வேண்டும். அது திராட்சைப் பழத்திலிருந்தே செய்ததாக இருக்க வேண்டும். வேறு எதையும் ஏற்க மாட்டார்கள். சீமையிலிருந்து கப்பலில் ரசம் வரும் வரைக்கும் காத்திருப்பதை விட, கொடியையே நட்டு விடுவது மேல் என்று அவருக்குத் தோன்றியிருந்தால் ஆச்சரியம் இல்லை.

2023-ஆம் ஆண்டில் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த மண்ணில் விளைந்ததைத் தவிர வேறு எந்தத் திராட்சையையும் இந்தப் பேரில் விற்கக் கூடாது என்பது இதன் பொருள். ஆரணிப் பட்டுக்கும் இதே குறியீடு முன்பே கிடைத்திருக்கிறது. ஆகவே திருமலைக் குடும்பத்துக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. குறியீடு பேரைக் காப்பாற்றும்; கூலியைக் கூட்டுமா என்ற கேள்வியும் அவர்களுக்குப் புதிது அல்ல.

தூங்காத கொடி

பந்தலுக்குள் நுழைந்தால் வெளியே கொளுத்தும் வெயில் மறந்து போகிறது. ஆள் உயரத்துக்குச் சற்று மேலே, கல் தூண்களின் மீது கம்பி வலை. வலை முழுவதும் கொடி. இலைகளின் ஊடே வடிகட்டிய பச்சை வெளிச்சம். தலைக்கு மேலே, கை எட்டும் தூரத்தில், நூற்றுக்கணக்கான கறுப்புக் குலைகள்! பிள்ளைகள் எம்பிக் குதிக்கிறார்கள்.

"தம்பி, தொடாம பாரு! தொட்டா பழத்து மேல இருக்கிற சாம்பல் போயிரும். சாம்பல் போனா யாவாரி எடுக்க மாட்டாரு" என்கிறார் தோட்டக்காரர்.

பழத்தின் மேல் வெள்ளையாகப் படிந்திருக்கும் மாவைப் பார்த்து மருந்து என்று பலர் பயப்படுகிறார்கள். அது மருந்து அல்ல. பழம் தானே சுரந்து பூசிக் கொள்ளும் மெழுகு. ஈரம் வற்றாமல் காக்கிறது. அதற்காகக் கழுவாமல் தின்னலாம் என்று பொருள் அல்ல. மருந்தும் தெளிக்கத்தான் செய்கிறார்கள்.

குளிர் நாடுகளில் திராட்சைக் கொடி ஆண்டில் பாதி நாள் தூங்கும். பனிக்காலத்தில் இலையெல்லாம் உதிர்ந்து, செத்த விறகு போல நிற்கும். வசந்தம் வந்ததும் துளிர்க்கும். ஆண்டுக்கு ஒரே அறுவடை. கம்பத்தில் பனி ஏது? இங்கே கொடி தூங்குவதே இல்லை. விட்டால் இலையும் தழையுமாகப் படர்ந்து கொண்டே போகும், காய்க்காது.

ஆகவே உழவர் தாமே அதற்கு ஒரு பனிக்காலத்தை உண்டாக்குகிறார். அதுதான் கவாத்து. கத்தரியை எடுத்துக் கொடிகளை வெட்டி, இலைகளை உருவி, பந்தலை மொட்டை அடித்து விடுகிறார்கள். பார்க்கிறவர்களுக்கு வயிறு எரியும். ஆனால் சில நாளில் கணுவெல்லாம் வெடித்துத் துளிர் வரும். துளிரோடு பூங்கொத்தும் வரும். கவாத்து அடித்து நாலு மாதத்தில் பழம். மார்கழி, தை மாதத்தில் கவாத்து அடித்தால் கோடையில் அறுவடை. வைகாசி, ஆனியில் அடித்தால் ஆவணி, புரட்டாசியில் அறுவடை. கணக்காகச் செய்கிறவர்கள் இரண்டு ஆண்டில் ஐந்து அறுவடை எடுத்து விடுகிறார்கள்! ஒரு தோட்டத்தில் பழம் தொங்கும்போது அடுத்த தோட்டம் மொட்டையாக நிற்கும். ஆகையால் எந்த மாதம் போனாலும் கம்பத்தில் எங்கேயாவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். மற்ற இடங்களில் திராட்சைக்குப் பருவம் உண்டு. இங்கே பருவமே கிடையாது.

இந்தக் கவாத்து வேலை எல்லோருக்கும் வராது. ஒவ்வொரு கொடியிலும் எத்தனை கணுவை விட்டு எங்கே வெட்டுவது என்பது கைப்பழக்கம். ஒரு கணு தவறினால் நாலு மாதத்து வரும்படி போச்சு. நாள் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி, கையைத் தூக்கியபடியே வேலை. இரவில் கழுத்தும் தோளும் விண் விண் என்று வலிக்கும். தறிக்குழியில் குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறவருக்கு, அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலிக்கிறவரைப் பார்த்தால் உறவுக்காரரைப் பார்த்தது போல இருக்கும்.

ருசி பார்ப்பது எப்படி?

ஒயின் ருசி பார்ப்பதற்கு முறை உண்டு என்பார்கள். பன்னீர் திராட்சைக்கும் முறை உண்டு.

ஒரு குலையை எடுத்தால் மேலே தோள்பக்கம் இருக்கும் பழங்கள் முதலில் பழுக்கும். நுனியில் தொங்கும் பழம் கடைசியில்தான் பழுக்கும். விவரம் தெரியாதவர் மேலே இருப்பதைப் பிய்த்துத் தின்று, "ஆகா!" என்பார். விவரம் தெரிந்த வியாபாரி நுனிப் பழத்தைத்தான் வாயில் போடுவார். நுனி இனித்தால் குலை முழுவதும் இனிக்கும். திருமலைப் பாட்டி கூலிக்கார அம்மாளிடம் இதைக் கேட்டுக் கொண்டு, பிறகு சந்தையில் யாரும் தன்னை ஏமாற்ற முடியாது என்று சொல்லிக் கொள்கிறாள்.

பழத்தை முதலில் மூக்கருகே கொண்டு போக வேண்டும். வெட்டிய அன்றைக்குத்தான் அந்த மணம் முழுசாக இருக்கும். பிறகு பல்லால் கடிக்காமல் நாக்கால் மேலண்ணத்தில் வைத்து அழுத்த வேண்டும். சதை வழுக்கிக் கொண்டு வந்து விடும். முதலில் இனிப்பு. அதன் பின்னால் ரோஜாப் பூவின் மணம். கடைசியில் தோலிலிருந்து ஒரு சிறு புளிப்பும் துவர்ப்பும். விதையைக் கடித்து விட்டால் கசப்பு எல்லாவற்றையும் கெடுத்து விடும். விதையை ஒதுக்கத் தெரிந்த நாக்குக்குத்தான் இந்தப் பழம் வசப்படும். பச்சைத் திராட்சையில் இனிப்பு உண்டு, வேலையும் இல்லை. ஆனால் மணம்? அதற்கு இங்கேதான் வர வேண்டும்.

"இன்னொரு குலை எடுத்துக்கங்கக்கா. காசு எடையில வர்றதுக்குத்தான், தோட்டத்துல தின்னதுக்குக் கணக்கு இல்ல" என்கிறார் தோட்டக்காரர். சுருளிப்பட்டிச் சாலையிலும், குமுளி போகும் சாலையிலும், தோட்டத்து வாசலிலேயே பழம் விற்கும் பலர் வந்தவர்களைப் பந்தலுக்குள் கூப்பிட்டுக் காட்டுகிறார்கள். கேட்காமல் கை வைக்காதவர்களுக்கு நல்ல மரியாதை கிடைக்கும்.

கோப்பை ஏன் இல்லை?

இவ்வளவு திராட்சை விளைகிற இடம் ஏன் நாசிக்கைப் போல ஆகவில்லை என்று கேட்கலாம்.

ஒயின் என்பது காய்ச்சி இறக்கும் சாராயம் அல்ல. பழத்தை நசுக்கிப் புளிக்க வைத்தால் ஈஸ்ட் என்ற நுண்ணுயிர் அதில் உள்ள சர்க்கரையைத் தின்று சாராயச் சத்தாக மாற்றி விடுகிறது. தோலோடு புளிக்க வைத்தால் சிவப்பு ஒயின். இட்லி மாவு புளிப்பதற்கும் இதற்கும் சிறிது தூரத்து உறவுதான். ஆனால் பன்னீர் திராட்சை முதன்மையாகச் சாப்பிடுகிற பழம். மேல்நாட்டிலும் இதைப் பெரும்பாலும் தின்னத்தான் வளர்க்கிறார்கள். நாசிக்கில் ஒயினுக்கென்றே வேறு இனங்களை நட்டார்கள்.

சட்டமும் ஒரு காரணம். ராஜாஜி 1937-ல் சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948-ல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. அது 1971 வரை நீடித்தது. பிறகு வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் திராட்சையைப் புளிக்க வைப்பதை எண்ணியே பார்க்க முடியாது. இப்போது பள்ளத்தாக்கில் ஒயின் தயாரிப்பும் நடக்கிறது. என்றாலும் அதற்குப் போவது சிறு பங்குதான். மலைக்கு அப்பால் கேரளத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் வீட்டுக்கு வீடு ஜாடியில் திராட்சை ரசம் ஊறும். கம்பத்துப் பழத்துக்குக் கேரளம் பெரிய வாடிக்கைக்காரர்.

குடி குடும்பத்தைக் கெடுக்கும் என்பதை இந்தப் பத்தியில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் தோட்டக்காரர் ஆலையைப் பற்றிப் பேசும்போது அவர் மனத்தில் இருப்பது குடி அல்ல. மழை!

மழை வந்தால்...

பழுத்த குலை தொங்கும்போது மூன்று நாள் மழை விடாமல் பெய்து விட்டால் பழம் தண்ணீரை உறிஞ்சி வெடித்து விடும். வெடித்த பழத்தில் பூஞ்சணம் பிடிக்கும். ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரவி, குலையே அழுகி விடும். பெண்கள் சிறு கத்தரியால் அழுகிய பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்து மற்றதைக் காப்பாற்றப் பார்ப்பார்கள். அந்தக் கூலிக்கே பழத்தின் விலை போதாமல் போகும் நாளும் உண்டு.

மழை ஈரத்தில் வரும் இன்னொரு பகைவன் அடிச்சாம்பல் நோய். இதற்கு உழவர்கள் தெளிக்கும் மருந்துகளில் ஒன்றுக்குப் போர்டோ கலவை என்று பேர். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்தது. முன்பு சொன்னோமே, பிரான்சின் போர்டோ, அதே ஊர்தான்! அங்கே சாலையோரத்துத் திராட்சையை வழிப்போக்கர் திருடித் தின்னாமல் இருக்க, பார்த்தாலே அருவருப்பாக இருக்கட்டும் என்று துத்தமும் சுண்ணாம்பும் தெளித்து வைத்தார்கள். மற்றக் கொடிகளுக்கு நோய் வந்தபோது, திருடனுக்குப் பயந்து தெளித்த கொடிகள் மட்டும் பிழைத்து நின்றன. மில்லார்தே என்ற பேராசிரியர் இதைக் கவனித்து, ஆராய்ந்து, 1885-ல் உலகுக்கு அறிவித்தார். அந்தப் பிரெஞ்சுக்காரர் திருடனை விரட்டக் கலக்கியது, இன்று கே.கே.பட்டிக்காரரின் குலையைக் காப்பாற்றுகிறது.

ஆனால் மருந்து நோயைத்தான் விரட்டும், விலையை ஏற்றாது. நெல்லாக இருந்தால் களஞ்சியத்தில் கொட்டி வைத்து விலை வரும்போது விற்கலாம். பட்டுச் சேலையாக இருந்தால் பெட்டியில் மடித்து வைக்கலாம். பழுத்த பன்னீர் திராட்சையை இரண்டு நாள் கூட வைத்திருக்க முடியாது. அது வியாபாரிக்கும் தெரியும். வானத்தில் மேகம் கறுத்தால் விலை தானாகவே இறங்கி விடும். "இன்னும் நாலு நாள் கொடியில் இருந்தால் தேனாக இருக்கும்" என்று தெரிந்தும் உழவர் வெட்டி விடுகிறார். சந்தையில் அந்த அம்மாள் முகம் சுளித்த பழம் இப்படித்தான் புறப்பட்டது.

ஆகவேதான் சாறு பிழியவும், ஜாம் செய்யவும், ஒயின் தயாரிக்கவும் பக்கத்திலேயே ஆலைகள் வேண்டும் என்கிறார்கள். ஆலைக்குப் போகும் பழம் நசுங்கினாலும் பரவாயில்லை, நசுக்கத்தானே போகிறார்கள்! முழுசாகப் பழுத்த பிறகே வெட்டலாம். ஒரு சிலர் பன்னீரை விட்டு விட்டு விதையில்லாத இனங்களுக்கு மாறி விட்டார்கள். ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத திராட்சைக்கே பேர். அது பயணம் தாங்கும், விலையும் கூட. ஆனைமலையான்பட்டியில் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நோய்க்கும் சாகுபடிக்கும் அங்கே யோசனை கேட்கலாம். மேகத்துக்கு யாரிடம் போய் யோசனை கேட்பது?

ஊரைச் சுற்றி...

கம்பம் ஊருக்குள்ளே நந்தகோபாலன் கோயில் இருக்கிறது. தம்பிரான் மாட்டுத் தொழுவம் என்பார்கள். இங்கே வணங்குவது உயிரோடு அசை போட்டுக் கொண்டிருக்கும் மாடுகளை! பட்டத்துக் காளைக்குத்தான் முதல் மரியாதை. மாட்டுப் பொங்கலன்று கூட்டம் சொல்லி மாளாது. கன்றுகளைக் காணிக்கையாகக் கொண்டு வந்து விடுகிறார்கள்.

சுருளிப்பட்டிக்கு அப்பால் சுருளி அருவி. காட்டு இலாகாவின் வாசலில் சீட்டு வாங்கிக் கொண்டு நடக்க வேண்டும். ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் திதி கொடுக்கக் கூட்டம் வரும். யானை நடமாட்டம் இருந்தால் விட மாட்டார்கள். சண்டை போடுவதில் பயன் இல்லை. கூடலூருக்கு மேலே மலை உச்சியில் கண்ணகி கோயில். மதுரையை எரித்த பிறகு கண்ணகி வந்து நின்ற மலை இதுதான் என்று மக்கள் நம்புகிறார்கள். ஆண்டுக்கு ஒரே நாள், சித்திரா பௌர்ணமி அன்று மட்டும் போகலாம். ஆடியில் வந்த திருமலைக் குடும்பம் மலையைக் கீழே இருந்தே கும்பிட்டுக் கொள்ள வேண்டியதுதான்.

மாலையில் தோட்டத்து வாசலில் பெட்டிகள் அடுக்கப்படுகின்றன. தாள் விரித்து, குலையின் காம்பு மேலே இருக்கும்படி பெண்கள் பழத்தை அடுக்குகிறார்கள். கேரளத்து லாரி ஒன்று காத்து நிற்கிறது.

பாட்டிக்கு ஊருக்கு ஒரு பெட்டி கொண்டு போக ஆசை. "பழுத்ததா கொடுக்கட்டுமா, செங்காயா கொடுக்கட்டுமா அம்மா?" என்று தோட்டக்காரர் கேட்கிறார். பாட்டி ஒரு நிமிடம் யோசிக்கிறாள். காட்பாடி எவ்வளவு தூரம் என்று அவளுக்குத் தெரியும். "பழுத்ததே கொடுப்பா. பாதி போனாலும் போகட்டும்" என்கிறாள்.

பையன் தின்று துப்பிய விதைகளைப் பொறுக்கிக் காகிதத்தில் மடித்துக் கொண்டிருக்கிறான். வீட்டுக் கிணற்றடியில் போடப் போகிறானாம்.

"விதை போட்டா இந்தப் பழம் வராது தம்பி. வேற ஏதாவதுதான் வரும். குச்சிதான் நடணும்" என்று தோட்டக்காரர் பக்கத்துப் பந்தலுக்குப் போகிறார். அங்கே அன்றைக்குத்தான் கவாத்து நடந்திருந்தது. தரையில் கிடக்கும் குச்சிகளில் முற்றியதாக நாலைந்தைப் பொறுக்கி, நாலு கணு வைத்து நறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுக்கிறார். "கிணத்தடியில ஈரம் காயாம பாத்துக்க. எந்தப் பக்கம் மேல, எந்தப் பக்கம் கீழன்னு மாத்தி நட்டுடாதே!"

ரெயிலில் பழப்பெட்டி மேலே ஏறுகிறது. ஈரச் சாக்கு பையனின் காலடியில் இருக்கிறது. கரூர் தாண்டும் வரைக்கும் அவன் தூங்கவில்லை. சாக்கு காய்ந்து விட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக் கொண்டிருக்கிறான்.